ஊதாப் பையும் பரிசல்காரரும்

மாதர் சங்க ஆண்டு விழா மேடையை அணிசெய்து வீற்றிருக்கும் தலைவர், மிட்டாதாரின் துணைவியார், மைசூர்ச் சீமையில் பிறந்து கடத்தூருக்கு வாழவந்த தேவீரம்மணி அம்மையார் அவர்களே! ஏரியூரின் மூத்தோர்களே! இடுப்பில் பிள்ளையும் நெஞ்சில் பொறுமையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஒகேனக்கல்லிலிருந்து நடந்தே வந்திருக்கும் பரிசல்துறைத் தோழர்களே! இவ்வூர்ப் பள்ளி ஆசிரியன் சவுரியப்பன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அம்மையாரின் கண்காட்சியைப் பாராட்டிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். பாராட்டத்தான் வந்தேன். ஆனால் அதோ, வேப்பமரத்தடியில் கையில் விலங்கோடு நம் ஊர்ப் பரிசல்காரர் சென்றாயன் நிற்கிறார். அவரைப் பார்த்தபிறகு எந்த வாயால் பாராட்டுவேன்?

இருங்கள் ஏட்டையா! பென்னாகரம் பஸ் போனால் போகட்டும். நான் பேசி முடிக்கும்வரை அவரை ஏற்றாதீர்கள்.

அன்பர்களே, இந்த மேசையைப் பாருங்கள்! அம்மையார் ஆசை ஆசையாகச் சேர்த்த கைப்பைகள். அத்தனையும் ஊதா! ஓர் ஊதாவா? கத்தரிப்பூ ஊதா, அவரைப்பூ ஊதா, நாவற்பழ ஊதா, மழைக்கு முன்னே மலைமுகடு போர்த்தும் மங்கல் ஊதா! பட்டில் ஒன்று, பாம்புத்தோலில் ஒன்று, பாசிமணி கோத்தது ஒன்று! லண்டனில் தைத்தது, பாரிசில் தைத்தது, தைத்த கலைஞன் தன் பெயரையே உள்ளே பொன்னெழுத்தில் பொறித்து அனுப்பியது!

என்னய்யா கேட்கிறீர்? இந்தப் பை சோறு போடுமா என்றா? பொங்கலுக்கு உம்முடைய மாட்டின் கொம்பில் வர்ணம் பூசினீரே, அது சோறு போட்டதா? அழகுக்கு ஆசைப்படுவது குற்றமல்ல.

அவற்றில் ஒன்றுதான் காணாமற்போனது. சென்ற வாரம் அம்மையார் ஒகேனக்கல் வந்தார். சென்றாயனின் பரிசலில் ஏறி அருவி பார்த்தார். தங்கிய பங்களாவுக்குத் திரும்பிய பிறகு தேடினால், பாரிசுப் பட்டுப் பை இல்லை! இன்று பாரிசில் ஜெர்மானியப் படை நிற்கிறது. இனி அப்படியொரு பை வரவே வராது. அம்மையார் அழுதாராம். அந்தக் கண்ணீரை நான் கேலி செய்யமாட்டேன். பங்களாவில் வைத்த பையை யாரோ திருடிவிட்டார்கள் என்று அவர் நம்பினார். அவருடைய காரியக்காரர் கிருஷ்ணப்பன் தேடிப் புறப்பட்டார்.

எங்கே கிடைத்தது? பெட்டிக்குள்ளா? பரண்மேலா? இல்லை. சென்றாயனின் வாசலில், மூங்கில் கழியின் உச்சியில், ஊரே பார்க்கத் தொங்கியது! “திருடுனதும் இல்லாம கொடியாட்டம் ஏத்தி வெச்சிருக்கறான் பாருங்க!” என்று கொதித்தார் கிருஷ்ணப்பன். போலீஸ் வந்தது.

தலைவர் அவர்களே, பிழை இங்கேதான் நேர்ந்தது. ஆற்றில் கண்டெடுத்த பொருளை எங்கள் பரிசல்காரர் உடையவர் வீடு தேடிக் கொண்டுபோக மாட்டார். கொண்டுபோனால் இனாமுக்குக் கை நீட்டியதாக ஆகிவிடும். வாசலில் கழி நட்டுத் தொங்கவிடுவார். உடையவர் வந்து தன்னுடையது என்று சொல்லிக் கேட்க வேண்டும். இதுதான் துறையின் வழக்கம். இந்த வழக்கம் அம்மையாருக்குத் தெரியாது. தெரியாது என்பது சென்றாயனுக்கும் தெரியாது!

யாரது அழுவது? செல்லியா? சென்றாயனின் மனைவி, அன்பர்களே. சொல்லம்மா, அஞ்சாமல் சொல்.

“மீன் வலையில சிக்குன பைங்க அது. காக்கா கொத்தப் போவுதுன்னு நாந்தான் பக்கத்துலயே உக்காந்து காவ காத்தனுங்க. அம்மணி கேக்க வருவாங்கன்னு பாத்தா, வெலங்கோட வந்தாங்க. அப்பன் எங்கன்னு கேக்கற புள்ளைங்களுக்கு நான் என்னங்க சொல்லுவேன்?”

கேட்டீர்களா? ஏட்டையா, அந்தப் பையை இப்படிக் கொடுங்கள். பாருங்கள், பட்டு சுருங்கிவிட்டது! ஊதாச் சாயம் ஓடி உள்துணியெல்லாம் கறை! உதறுகிறேன், கொட்டுவது என்ன? மணல்! பங்களா அறைக்குள் காவிரி ஓடியதா? அலமாரிக்குள் ஆற்றுமணல் விளைந்ததா? திருடியவன் ஒளித்து வைப்பானா, உயர்த்தி வைப்பானா? மறைத்து வைப்பானா, மாட்டி வைப்பானா?

கை தட்டாதீர்கள்! கைதட்டலுக்கு விலங்கு கழலாது. எனக்குப் பயமாக இருக்கிறது, தாய்மார்களே. என் பள்ளிக்கூடம் மிட்டாதார் கொடுத்த கட்டடத்தில் நடக்கிறது. நாளை எனக்கு அங்கே வேலை இருக்குமோ என்னவோ! ஆனாலும் இன்று நான் வாய் மூடி உட்கார்ந்தால், நாளை எந்த முகத்தோடு சென்றாயனின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வேன்?

தலைவர் அவர்களே! உங்களைக் குனியச் சொல்லவில்லை, கும்பிடச் சொல்லவில்லை. உடையவர் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் ஒரு சொல்லுக்காக இந்த ஊரே காத்திருக்கிறது.

அமைதி! அம்மையார் எழுந்துவிட்டார். என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு படியிறங்குகிறார். வழி விடுங்கள். கிருஷ்ணப்பன் ஏதோ தடுக்கிறார், அம்மையார் கேட்கவில்லை. வேப்பமரத்தடிக்கே போய்விட்டார். சென்றாயன் பேசுகிறார், கேளுங்கள்.

“அம்மணி, இது உங்களுதுங்களா?”

“என்னுதுதாங்க. பரிசல்ல இருந்து நழுவுனது எனக்கே தெரியலீங்க. ஏட்டு, அவங்க கைய அவுத்து வுடுங்க.”

“அவங்க” என்கிறார், அன்பர்களே! திருடன் என்று பெயர் சூட்டப்பட்டவரை “அவங்க” என்கிறார்!

இறங்கி வந்து கேட்ட அம்மையாருக்கு நன்றி. காவல் காத்த செல்லிக்கு நன்றி. பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. அதோ, விலங்கு கழன்ற கைகளைச் சென்றாயன் கூப்பப் போகிறார். அவருக்கு முன்னே அம்மையாரின் கைகள் குவிந்துவிட்டன! இதைவிடப் பெரிய வணக்கம் என்னிடம் இல்லை. அமர்கிறேன்.