பன்னெண்டு காடையும் ஒரு பல் டாக்டரும்

ஹலோ… தம்பி, அக்காதான்டா. பண்ணையிலதான் இருக்கியா? … சரி, கையில என்ன இருந்தாலும் கீழ வச்சிட்டுக் கேளு. … இல்லல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. காடைக்கும் ஒண்ணும் ஆகல. அதுதான்டா பிரச்சினையே.

நீ குடுத்த பன்னெண்டும்… ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கு. ஒம்பது மணிக்கு உன் மாமா, அறுக்கப் போறேன்னு கூடையைத் தூக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போனாரு. உள்ள தாழ்ப்பாள். இப்ப மணி பதினொண்ணு. நான் வெங்காயம் வதக்கி இறக்கியே வச்சிட்டேன். போடத்தான் கறி இல்ல.

… தட்டாம இருப்பேனா? ரெண்டு நிமிஷம்ங்கிறாரு. கிளினிக்ல பல்லைக் காட்ட வந்தவங்ககிட்ட சொல்வாரே, அதே ரெண்டு நிமிஷம்.

… கதவுல காதை வச்சுக் கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்"னு சொல்லிட்டிருக்காரு. … காடைகிட்டதான். … சிரிக்காத. … சிரிக்காதடா, எனக்கும் வருது.

ஒரு மணிக்கு மாமாவோட அக்கா வர்றாங்க, குடும்பத்தோட, ஆறு பேரு. … அவங்களேதான். போன தடவை எல்லார் முன்னாடியும், இவனுக்குக் கொசு அடிக்கவே கை நடுங்கும், இவன் காடை வளர்த்து நாம சாப்பிடுறதான்னு கேட்டாங்கல்ல? இவரும் ரோஷப்பட்டு, என் கையாலயே அறுத்து, என் கையாலயே உரிச்சுப் போடுறேன்னுட்டாரு. அதுக்கு உன்கிட்ட குஞ்சு வாங்கி, அஞ்சு வாரமா பல்பு போட்டு, தண்ணி மாத்தி, ஒவ்வொண்ணா தராசுல உக்கார வச்சு… எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு கஞ்சி வச்சுத் தந்திருப்பாரா? … சரி சரி, அது இருக்கட்டும்.

இரு… தாழ்ப்பாள் சத்தம்.

… தம்பி. மாஸ்க் போட்டிருக்காரு. ரெண்டு கையிலயும் கிளவுஸ். கத்திரிக்கோல் பளபளன்னு இருக்கு, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. கூடையில பன்னெண்டும்… ஐயோ, இதுங்க சாப்பிடுதுங்கடா. … தீனிதான். இன்னிக்குத் தீனியே கூடாது, வெறும் தண்ணிதான்னு அத்தனை தடவை சொன்னியே. என்னங்க இது? … தம்பி, பசியோட அனுப்ப மனசு வரலையாம்.

… குடல் நிறைஞ்சிருக்குமா? கிழிஞ்சா நாறுமா? நீயே சொல்லு அவர்கிட்ட. … போனை வாங்க மாட்டேங்கிறாரு. சோபாவுல போய் உக்காந்துட்டாரு, கிளவுஸைக் கூட கழட்டாம. பாவமா இருக்குடா. அவங்க அக்கா வந்து சிரிக்கப் போறதை நினைச்சு உக்காந்திருக்காரு.

… ஆமா. … ஆமா. … நான்தான் பண்ணணும், வேற யாரு? நீ கிளம்பி வர்றதுக்குள்ள அவங்க கை கழுவிட்டு உக்காந்துடுவாங்க. சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டு சிங்க் பக்கத்துல வச்சிருக்கேன்.

இடது கையில… றெக்கையோட சேர்த்து… ம், பிடிச்சிட்டேன். வலது கையில அவரோட கத்திரிக்கோல். நெஞ்சு அடிச்சுக்குதுடா. … அதோடது. … என்னோடதும்தான். கண்ணை மூடிக்கட்டுமா? … விரல் போயிடும்னா வேணாம், திறந்தே வச்சுக்குறேன். கழுத்துல, ஒரே வெட்டு. யோசிக்கக் கூடாது. சரி.

…

முடிஞ்சிருச்சு.

… இருக்கேன்டா. இல்ல, அழல. கையில இன்னும் சூடா இருக்கு, அவ்வளவுதான். துடிக்குது. … ம். … ம், நின்னுடுச்சு.

மேல சொல்லு. றெக்கை, காலு, ரெண்டையும் வெட்டியாச்சு. நெஞ்சுல தோலைக் கிள்ளி இழுத்து… அட, சட்டையைக் கழட்டுற மாதிரி வந்துடுச்சுடா, இறகோட. இதுக்கா நான் அண்டா நிறைய வெந்நீர் வச்சேன்? … முதுகெலும்போரமா வெட்டி, விரலை விட்டு… சே, நாறுது. உன் மாமா வச்ச விருந்து. … ஈரல் தனியா. சரி. ஐஸ் தண்ணியில போட்டுட்டேன். உரிச்சா உள்ளங்கை அளவுதான் இருக்கு.

என்ன, வந்துட்டீங்க? … இல்ல, உன்னை இல்ல, அவரைக் கேட்டேன். எழுந்து வந்துட்டாரு. கூடையில இருந்து ஒண்ணை எடுத்து, றெக்கையை அமுக்கி எனக்கு நீட்டுறாரு. கண்ணு சுவத்தைப் பார்க்குது. ஆனா பிடி நல்லா இருக்குடா, பறவை ஆடவே இல்ல.

ரெண்டு. … மூணு. … இதுக்கு நீ எதுவும் சொல்ல வேணாம், இப்ப தெரிஞ்சிடுச்சு. … ம், நாலு.

… எட்டு. இரு, பெல் அடிக்குது. பன்னெண்டேகால்தானே ஆகுது? … அவங்கதான்டா, முன்னாடியே வந்துட்டாங்க. மத்தவங்க கீழ வண்டி நிறுத்துறாங்களாம். இவர் போய்க் கதவைத் திறந்தாரு, அவர் அக்கா மட்டும் நேரா அடுப்படிக்கு வர்றாங்க.

வாங்க அண்ணி. … தம்பி, இவர் சொல்றதைக் கேளு. "நான் அறுக்கலக்கா. என்னால முடியல. இவதான் பண்ணா, நான் பிடிச்சுக்கிட்டேன்"ங்கிறாரு. நானா இருந்தா பொய் சொல்லியிருப்பேன்.

… சிரிக்கல. சிங்க்ல இருக்கிற ரத்தத்தையே பார்த்துட்டு நிக்கிறாங்க. முகம் வெளுத்து… அண்ணி? … விழுந்துட்டாங்கடா. … மயக்கம்தான். இல்ல, அடி படல, இவர் தாங்கிட்டாரு. படுக்க வச்சு, காலைத் தூக்கி முக்காலி மேல வைக்கிறாரு. மெதுவா பேசிட்டே இருக்காரு. ஊசியைப் பார்த்து மாசம் ரெண்டு பேராவது இவர்கிட்ட இப்படித்தான் விழுவாங்களாம். கொசு அடிக்கவே நடுங்கும்னாங்களே தம்பி, அந்தக் கை இப்ப ஆடவே இல்ல.

… கண்ணு திறந்துட்டாங்க. ஆமா, ஆமா, நல்லா இருக்காங்க. இவர் கையை விட மாட்டேங்கிறாங்க. என்னமோ சொல்றாங்க, இரு, கேக்கல…

"காரம் கம்மியா போடச் சொல்லு"ங்கிறாங்க. வைடா நீ, இன்னும் நாலு பாக்கி இருக்கு.