மெத்தை உலர்த்தும் திட்டம்

பயிற்சி வகுப்பில் நாற்காலிகள் மிகவும் வசதியாக இருந்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஐயா. எங்கள் மெத்தைக் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலி ஒரு பக்கமாகச் சாயும். அதிலேயே உட்கார்ந்து பழகியவனுக்கு, நேராக உட்கார்ந்ததும் மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. நடந்ததற்கெல்லாம் நாற்காலியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஆதியிலிருந்து சொல்வதுதான் முறை.

என்னை அனுப்பியது முதலாளியம்மா. ஒரு புராஜெக்ட்டை எப்படித் திட்டமிட்டு நடத்துவது என்பதுதான் பாடம். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம், ஆனால் பேச ஆரம்பித்தால் கில்லாடி. தினமும் நடக்கிற வேலை புராஜெக்ட் ஆகாது, தொடக்கமும் முடிவும் உள்ளதுதான் புராஜெக்ட் என்றார். கற்றதை அவரவர் நிறுவனத்தில் செய்து முடித்துக் காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் எனக்கு மேலாளர் பதவி என்று முதலாளியம்மா வாக்குக் கொடுத்திருந்தார். என் மனைவி அதற்குள்ளேயே 'மேனேஜர் சாருக்குச் சோறு போடலாமா' என்று கேலி பேசத் தொடங்கிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கம்பெனியில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. துணி வெட்டும் மேஜைகளை இடம் மாற்றிப் பார்த்தேன். மறுநாள் காலை அவை பழைய இடத்துக்கே போயிருந்தன. டீ நேரத்தை மாற்றப் போனேன். டீ போடும் அக்கா கெட்டிலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, இனி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். நல்லா ஓடுற கம்பெனியை எதுக்குக் குடையுறீங்க என்று முதலாளியம்மாவும் கேட்டுவிட்டார்.

இவ்வளவு ஒழுங்குக்கும் அச்சாணி எங்கள் கிடங்கு. அதற்குப் பொறுப்பு என் மனைவியின் அண்ணன். கம்பெனியில் அவரைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் விளக்கை அணைத்து, குழாயை மூடி, கதவைப் பூட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லையே என்று யாராவது கேட்டால், கைக்குத் தெரியும் என்பார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். எனக்கு அவர்மேல் மிகுந்த பிரியம் உண்டு. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

புராஜெக்ட் தானாகக் கிடைக்கவில்லை என்றால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதானே. வகுப்பில் சொன்னபடியே போனேன். இதனால் யார் யாருக்குப் பாதிப்பு என்று யோசித்தேன். ஒருவருக்கும் அடிபடக் கூடாது என்பதால் விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தேன். எந்த வேலைக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கையை விரிப்பார்கள் என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தவறுக்கும் அதே விதிதானே. அதற்கான பொறுப்பாளரையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன்.

அன்று மதியம் மச்சான் வீட்டில்தான் எங்களுக்கு விருந்து. சாப்பிட்டு முடித்ததும், குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். நிர்வாகப் பிரிவின் மாற்றுச் சாவியால் கிடங்கைத் திறந்து, கைகழுவும் குழாயைத் திருகிவிட்டேன். தண்ணீர் போகும் வழியில் பஞ்சை அடைத்தேன். திரும்பி வரும்போது ஐஸ்கிரீம் உருகக்கூட இல்லை. என் மாப்பிள்ளை மாதிரி பொறுப்பான ஆள் உண்டா என்று மச்சான் எல்லோரிடமும் சொன்னார்.

மறுநாள் காலை கிடங்கைத் திறந்தபோது மெத்தைகள் எருமைகளைப் போல ஊறிக் கிடந்தன. மச்சான் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"குழாயை மூடினேன் மாப்ள," என்றார். குழாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மூடினேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார்.

எல்லோரும் கைகால் ஓடாமல் நின்றபோது நான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டேன். யார் தூக்குவது, யார் பிழிவது, யார் விரிப்பது என்று பிரித்துக் கொடுத்தேன். மொட்டைமாடி, மதில், பக்கத்துப் பட்டறையின் கூரை எல்லாம் மெத்தை. தையல்காரர்கள் மெத்தைமேல் வரிசையாக ஏறி நின்று தண்ணீரை மிதித்து வெளியேற்றினார்கள், அதில் இரண்டு பேர் வழுக்கி விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். டீ அக்காவிடம் எல்லோருடைய உற்சாகத்தையும் ஒப்படைத்தேன், அவர் என்னை மன்னித்து எனக்கும் ஒரு டீ கொடுத்தார். குறித்த நாளுக்கு முன்பே வேலை முடிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியான நாட்கள் வந்ததில்லை, ஐயா.

முதலாளியம்மா கிடங்குச் சாவிகளை மச்சானிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். மச்சானை வாசலில், வந்துபோகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் உட்காரவைத்தார். வேலையைவிட்டு எடுக்காமல் விட்டதே உங்களால்தான் என்று மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அதன்பிறகு அவர் வீட்டில் கொஞ்சம் தொந்தரவு. அடுப்பை அணைத்துவிட்டு வருவார், மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பார், பிறகு மனைவியை எழுப்பி, நீ ஒருமுறை பார் என்பார். பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, விட்டேனா என்று பள்ளிக்குப் போன் செய்து கேட்பாராம். இதைச் சொல்லி என் மனைவி அழுதாள். எனக்கும் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. ஆனால் மச்சானின் மனநிலை என் திட்ட எல்லைக்குள் வரவில்லை. எல்லையை இஷ்டத்துக்கு விரித்துக்கொண்டே போனால் எந்தப் புராஜெக்ட்டும் உருப்படாது.

கடைசியாக, கற்ற பாடங்களைப் பேசும் கூட்டம். அதற்கு வாத்தியாரே எங்கள் கம்பெனிக்கு வந்தார். யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, நடந்ததை நடந்தபடி மனம் திறந்து சொல்ல வேண்டும், அதுதான் இந்தக் கூட்டத்தின் விதி என்றார். முதலில் எழுந்தவர் மச்சான்.

"குழாயைத் திறந்து விட்டுட்டுப் போனது நான்தாங்க," என்றார். "மொதல்ல ஞாபகமில்ல. இப்பல்லாம் திறந்தது கண்ணுக்குள்ளயே தெரியுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறுதி அறிக்கையில் பொய்யான தகவல் ஏறப்போகிறது. அவ்வளவு சுத்தமாக நடத்திய ஒரு புராஜெக்ட்டில் இப்படி ஒரு பிழையை விட எனக்கு மனம் வரவில்லை. எழுந்து, மாற்றுச் சாவி, பஞ்சு, ஐஸ்கிரீம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுப்பாளராக மச்சானை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் விளக்கினேன். வேறு யாராக இருந்தாலும் நான் செய்யவில்லை என்று சண்டைக்கு நின்றிருப்பார்கள், அவர் ஒருவர்தான் முதலில் தன்னைச் சந்தேகப்படுவார்.

வாத்தியார் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். முதலாளியம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் கூப்பிட்டது உங்களைத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குற்றம் சொல்லக் கூடாது என்ற விதியை இப்படி நடுவில் மீறலாமா என்று நீங்கள் அவரிடமும் கேட்க வேண்டும்.

மச்சான் மட்டும் மெல்ல என் பக்கத்தில் வந்தார். கை ஓங்குவார் என்று நினைத்தேன்.

"அப்போ அன்னிக்கு நான் குழாயை மூடிட்டேனா மாப்ள?"

"மூடிட்டீங்க மச்சான். நல்லா இறுக்கமா மூடியிருந்தீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். அவ்வளவு பெரிய நிம்மதியை ஒரு மனிதருக்கு இந்தக் கம்பெனியில் இதுவரை யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள், ஐயா.