பிரிசி ஸ்கூலுக்குப் போகக் கூடாது

— கத்தாதீங்க. புள்ள ஆஸ்பத்திரிலேர்ந்து கார்ல பூரா பாடிக்கிட்டே வந்து இப்பத்தான் அசந்துது.

— நா எங்க ஜாய்ஸ் கத்துனேன்? செய்யூர் ஸ்கூல்ல திங்கக்கெழம புள்ளைய இட்டுக்கினு வரச் சொல்லிக்கீறாங்க. போலாமா, வேணாமா? அதான் பாயிண்டு.

— வேணாம். முடிஞ்சிச்சா?

— எப்டி முடியும்? பிரிசிக்கு ஏழு முடியப் போவுது. அவ வயசுப் புள்ளைங்கல்லாம் ரெண்டாங்கிளாஸ். நம்ம பொண்ணு வூட்டுக்குள்ள செல்போனப் பாத்து ஏ பி சி டி படிச்சிக்கினு கீது. நைனா, நீ சொல்லேன். வாயத் தொறக்காம வேர்க்கல்ல உரிச்சிக்கினு கீற.

— புருசன் பொஞ்சாதி நடுவுல பூந்து ஒரு தபா பேசிப்புட்டேன்டா ஜான்சா. நாக்கு ரெண்டா பொளந்துக்கிச்சு. மூணு மாசம் ஒரு நாக்குல சோறு, இன்னொரு நாக்குல கொழம்புன்னு தனித்தனியா தின்னேன். நமக்கு வேணாம்பா அந்த வம்பு. டாக்டரு இன்னா சொன்னாரு, அத்த மட்டும் சொல்லுங்க.

— சொல்றேன் மாமா. நல்லாக் கேட்டுக்கங்க. ஏங்க, நீங்களும் கேளுங்க, அங்க பாதி நேரம் போன் பேசிக்கிட்டு வெளியத்தான நின்னீங்க? வெயிட்டு ஏறியிருக்கு. ஊதுற டெஸ்ட்டுல போன வருசத்தவிட நல்லா ஊதியிருக்கா. ஜூன்லேர்ந்து ஒரு தடவகூட அட்மிட் ஆவல. அதே பொண்ணுதானான்னு டாக்டரே பழைய ரிப்போர்ட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்கம்மா, எதையும் மாத்தாதீங்க'ன்னாரு. எதையும் மாத்தாதீங்க! அவர் வாயால!

— ஸ்கூலுக்கு அனுப்பலாம்னும் அவர் வாயாலதான் சொன்னாரு.

— அனுப்பலாம்னாரு. அனுப்பணும்னு சொல்லல.

— வேற எப்டி சொல்வாரு? தரதரன்னு இழுத்துக்கினு போயி அவரே கிளாஸ்ல உக்கார வெப்பாரா?

— ஏன்டா ஜான்சா, அந்த செய்யூர் ஸ்கூலு போன வருசம் தொரத்தி வுட்டதுதான?

— அது வேற ஹெட்மாஸ்டரு நைனா. பிரிசி ரெண்டு தபா இருமினதும் சேரப் பின்னால இழுத்துக்கினு டிபியான்னு கேட்டவரு. அவரு போயிட்டாரு. இப்ப ஒரு அம்மா வந்துக்கீறாங்க. நா போயி எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சேன். 'இதுக்குப் பேரு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் மேடம். பொறக்கும்போதே வந்தது. இவ இருமுனா யாருக்கும் இந்த வியாதி ஒட்டாது. சாப்புடறதுக்கு முன்னாடி மாத்திர போடணும், இல்லாட்டி தின்னது செரிக்காம அப்டியே போயிடும். கேட்டப்பல்லாம் பாத்ரூம் வுடணும். வேர்வையில உப்பு ஜாஸ்தியா போயிடும், வெயில் நாள்ல உப்புத் தண்ணி குடுக்கணும்'னு. அந்தம்மா குறுக்க ஒரு வார்த்த பேசாம கேட்டுக்கிச்சு.

— உப்புன்ன ஒடனே நெனப்பு வருது. போன சித்திரையில புள்ள நெத்தியத் தொடச்ச துண்ட அலசி, அந்தத் தண்ணியில மீன் கொழம்பு வெச்சேன். நீங்க ரெண்டு பேருந்தான் ஊத்தி ஊத்தித் தின்னீங்க. உப்பு அளவா இருக்குன்னு ஜாய்சே சொல்லிச்சு.

— மாமா!

— பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?

— உங்க கதைக்கு இப்ப நேரமில்ல. ஏங்க, இவ இருமுனா யாருக்கும் ஒட்டாதுன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்களே, மத்த புள்ளைங்க இருமுனா இவளுக்கு ஒட்டும்னு சொன்னீங்களா? மத்ததுங்களுக்கு மூக்கு ஒழுகும், நாலு நாள்ல சரியாப் போயிடும். அதே சளி இவ நெஞ்சுல கோந்து மாதிரி புடிச்சிக்கும். அப்பறம் ஊசி, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். ஒரு கிளாஸ்ல நாப்பது மூக்கு! எந்த மூக்க நீங்க போயித் தொடைப்பீங்க?

— நாப்பதையும் எதுக்குத் தொடைக்கணும்? கைய கழுவச் சொல்லலாம். காத்து வர்ற எடமா உக்கார வெக்கச் சொல்லலாம். யாருக்காச்சும் ஜொரம்னா நமக்குப் போன் பண்ணச் சொல்லலாம். வழி கீது ஜாய்ஸ்.

— நம்ம பெரியவன் எபிக்கும் அப்டித்தான் வழி இருந்துதா?

— இப்ப எதுக்கு அவன இழுக்கற?

— வேற யார இழுக்கறது? எல்கேஜி சேத்த நாலாவது மாசம். பேகுகூட அழுக்காகல. பக்கத்துல உக்காந்த பையனுக்கு ஜொரம், மறுநாள் எபிக்கு ஜொரம். அந்தப் பையன் இப்ப எட்டாவது படிக்கிறான். பஸ் ஸ்டாப்புல என்னப் பாத்து ஆன்ட்டிங்கறான். எனக்கு அவனப் பாத்து சிரிக்க வரல. என்னால முடியலங்க.

— எபி ஸ்கூலால சாவல. அவனுக்கு இன்னா வியாதின்னு ஒருத்தருக்கும் தெரியல. டிபி டிபின்னு ஒரு வருசம் மாத்திரயக் குடுத்தோம். முதுவத் தட்டி சளிய எடுக்கணும்னு தெரியாது, சோத்துக்கு முன்னாடி குடுக்கற மாத்திர தெரியாது. பேரு தெரியாத வியாதியில போனான். பிரிசிக்குப் பேரு தெரியும். அதான் பாயிண்டு.

— உங்களுக்கு பாயிண்டு. எனக்குப் புள்ள.

— எனக்கு மட்டும் அவன் யாருடி?

— ஷ்ஷ்! நிறுத்துங்க ரெண்டு பேரும். புள்ள பொரளுது பாரு... ம், தூங்கிடுச்சு. அன்னிக்கு அவனத் தோள்ல போட்டுக்கினு ஈசிஆர் ரோட்டுக்கு ஓடினவன் நானு. ஊர்ல இருக்கற எல்லாத்தப் பத்தியும் கத வுட்டுக்கீறேன். அந்த ஒரு நாளப்பத்தி வுட்டதில்ல. இன்னாத்துக்கு அவன வெச்சு அடிச்சிக்கிறீங்க?

— நா அடிச்சிக்கல நைனா. கெஞ்சறேன். ஜாய்ஸ், நீ மாத்திர எடுத்து வெக்கிற, முதுவத் தட்டுற, ஆவி புடிக்க வெக்கிற. ஒரு நாள் தவறல. ஒத்துக்கறேன். நல்லா பாத்துக்கினா முப்பது நாப்பதுன்னு வயசாகி வேலைக்குப் போறவங்க கீறாங்கன்னு டாக்டரு சொன்னாரே. அப்ப நம்ம பொண்ணு கையில இன்னா இருக்கும்? ஒரு பிரெண்டு இருக்குமா?

— மொதல்ல அவ இருக்கட்டும்.

— சும்மா இருந்தாப் போதுமா? தெனம் சாயந்திரம் நம்ம வந்ததும் அது இன்னா சொல்லுது? 'அன்பரசி மிஸ்ஸு பாட்டு சொல்லிக் குடுத்தாங்க, பிரபா என் பென்சில ஒடச்சிட்டா, இன்னிக்கு சோத்துல முட்ட'ன்னு. இல்லாத ஸ்கூலு, இல்லாத மிஸ்ஸு, இல்லாத முட்ட. நீயும் சோறு ஊட்டிக்கினே 'அப்பறம்?'ங்கற. எனக்கு அந்த நேரத்துல வெளிய எழுந்து போயிடலாம் போல கீது.

— தாத்தாகிட்ட வளர்றா இல்ல? இவர் வுடற கதையக் கேட்டுட்டு அவளும் வுடறா.

— ஆமாம்மா. ரத்தம் அப்டி. எங்கப்பாரு ஒரு கட்டு வெத்தலைக்கு ஆலம்பரைக் கோட்டைய வித்தவரு. வாங்கினவன் ஏத்திக்கினு போவ வண்டி கொண்டாரல, அதனாலதான் இன்னும் அங்கியே கெடக்குது.

— இது கத வுடறது இல்ல நைனா. ஏக்கம். பசிக்கற புள்ள சொப்பனத்துல சோறு தின்ற மாதிரி.

— ஏக்கமாவே இருக்கட்டும். ஏங்கினா நெஞ்சுல சளி கட்டாது. முடிவா சொல்றேன் கேளுங்க. திங்கக்கெழம செய்யூருக்கு அவளக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, அன்னிக்கே வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, அவளத் தூக்கிக்கிட்டு செங்கல்பட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் நீங்க வந்து வாசல்ல நின்னாலும் வர மாட்டேன்.

— மெரட்டுறியா?

— பயப்படறேங்க. தெனம் விடிகாலையில அவ நெஞ்சுல காது வெச்சுக் கேட்டுட்டுத்தான் அடுப்பாண்டயே போறேன். கல்பாக்கம் பஸ்ல உக்காந்தாலும் அந்தக் கரகரப்பு காதுலயே கெடக்கும். ஆபீஸ்ல யாராவது இருமுனா எழுந்து நிக்கிறேன், சிரிக்கறாங்க. இந்த வருசந்தான் அந்த சத்தம் கொறஞ்சிருக்கு. ஏன் கொறஞ்சுது? வூட்டோட இருக்கா. எவன் எச்சிலும் இல்ல, எவ தும்மலும் இல்ல. மாமா மட்டுந்தான். டாக்டர் பாத்து ஆச்சரியப்பட்டது இதத்தான். இதப் போயி கலைக்கச் சொல்றீங்களே!

— சரி.

— என்ன சரி?

— செய்யூருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிர்றேன். வெயிட்டு ஏறிக்கீது, மூச்சு நல்லா கீது. வூட்ல இருந்ததாலதான்னு நீ சொல்ற. இல்லன்னு சொல்ல என் கையில இன்னா கீது? வூட்டோடவே இருக்கட்டும்.

— கோவமா சொல்றீங்களா?

— தோத்துட்டு சொல்றேன். வுடு.

— மாமா, நீங்கதான் சாட்சி. நாளைக்கே இவர் மனசு மாறுவாரு. நாங்க காலையில போனதுலேர்ந்து சாயந்திரம் வர்ற வரைக்கும் நீங்க என்னென்ன பண்றீங்களோ, அதுல ஒண்ணும் கொறையக் கூடாது. என்ன பண்றீங்க, ஒரு தடவ சொல்லுங்க.

— இன்னா பெருசா? நீங்க பஸ்ஸு ஏறுனதும் இன்னொருக்கா முதுவத் தட்டுவேன். துப்புவா. மாத்திர, அப்பறம் நெய்யி ஊத்தி இட்லி. டிவிஎஸ் வண்டியில முன்னால நிக்க வெச்சிக்கினு சவுக்குத் தோப்பு வழியா போவோம். உப்புத் தண்ணி பாட்டிலு எப்பவும் கூடவே. மத்தியானம் சோத்துக்கு முன்னாடி மாத்திர, அத்த வேற யார்கிட்டயும் வுட மாட்டேன், நானே போயிக் குடுப்பேன்.

— போயின்னா?

— அது இருக்கற எடத்துக்கு. புள்ள ஒரு எடத்துலயா நிக்கும்? அப்பறம், எவனாச்சும் மூக்க உறிஞ்சிக்கினு இருந்தா அன்னிக்கு வண்டிய அப்டியே திருப்பிடுவேன்.

— தோப்புல யாரு மாமா மூக்க உறிஞ்சறா?

— அணிலுங்க. மார்கழிப் பனியில வந்து பாரேன். ஒவ்வொண்ணும் வாலால மூக்கத் தொடச்சிக்கினு கீது.

— நைனா, அது எவ்ளோ கலங்கிப் போயி கேக்குது, நீ அணிலுங்கற.

— பரவால்லங்க, வுடுங்க. அவர் பாணி அது. புள்ளைய நல்லாப் பாத்துக்கறாரு, எனக்கு அது போதும்.

— அப்ப இத்த இப்டியே நடத்தட்டுமா ஜாய்சு? எதையும் மாத்த வேணாம்?

— எதையும்.

— நாளைக்கு வந்து, இத்த நிறுத்து அத்த நிறுத்துன்னு என்னிய நிக்க வெச்சுக் கேக்கக் கூடாது.

— கேக்க மாட்டேன் மாமா. எபி மேல சத்—

— வேணாம்மா! அவன் மேல வேணாம். அவனத் தூங்க வுடு. வாயால சொல்லு, போதும்.

— நீங்க ஏழு மாசமா என்ன பண்ணிக்கிட்டு வர்றீங்களோ, அத நா நிறுத்த மாட்டேன். வேற யாரையும் நிறுத்தவும் வுட மாட்டேன். போதுமா?

— ஜான்சா, நீயி?

— நா எதுக்கு? அவதான ஜெயிச்சா? சரி, நானும் நிறுத்தல.

— கர்த்தர் கேட்டுக்கினாரு. ஜாய்சு, அந்த சேர்ல உக்காரு. சொம்புல தண்ணி கீது பாரு, ஒரு வாயி குடி.

— எதுக்கு மாமா?

— குடிம்மா. ஜான்சா, நீ அவ பக்கத்துல நில்லு. கிட்டக்க.

— இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?

— சொல்லுங்க மாமா. பயமா இருக்கு.

— ஒண்ணுமில்லம்மா, பொங்கல் லீவு முடிஞ்சுது இல்ல, திங்கக்கெழம வழக்கம்போல ஒம்போது மணிக்குள்ள அவள அந்த அன்பரசி மிஸ்ஸு ஸ்கூல்ல கொண்டுபோயி வுட்டுர்றேன்.