யார் தந்த சட்டை?

பழைய செய்தித்தாளுக்கு இஸ்திரி போடும்போது பெட்டியில் கங்கு கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். சூடு கூடினால் தாள் பழுத்துவிடும். மேலே ஈரத்துணி ஒன்றை விரித்து மெல்லத் தேய்த்தால், சோப்புக் கட்டியைச் சுற்றி வந்த தாள்கூட வாசிக்கிற பதத்துக்கு வந்துவிடும். நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். ஆரம்பம் இதுதான்.

என் பெயர் மருதப்பன். சங்கரன்கோவிலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு தினசரிக்கு இந்த ஊர்ப் பகுதிநேர நிருபர். விசைத்தறித் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த தங்கசாமி என் அக்கா செண்பகவல்லியின் கணவர். போன ஆடியில் வேலைநிறுத்தம் ஏன் உடைந்தது, சங்கம் ஏன் இரண்டானது, அத்தானைக் கட்சியிலிருந்து நீக்கியது சரிதானா என்று விசாரிக்க மாவட்டக் குழுவிலிருந்து நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். நான் சொல்வதை வைத்துத்தான் அவரைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவாகும் என்கிறீர்கள். அதனால் ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

கடையநல்லூர் முகம்மது மைதீன் என்னிடம் டைப் படித்தவர். இப்போது துபாயில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. வெள்ளைக்காரர்கள் படித்துப் போட்டுவிட்டுப் போகிற லண்டன் பேப்பர்களை ஒரு வருஷமாக எனக்கென்று சேர்த்து, சோப்பையும் சென்ட்டையும் டார்ச் லைட்டையும் அவற்றிலேயே சுற்றி, எண்பத்திரண்டில் நோன்புக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார்.

"வே, சாமானப் பொறவு பாத்துக்கிடலாம். தாளக் கிழிச்சிராம எடும். உமக்காவச் சேத்தது" என்றார். தாள்களோடு எனக்கு ஒரு சட்டையும் கொடுத்தார்.

இன்ஸ்டிடியூட் காலியாகக் கிடக்கிற மத்தியானங்களில் அந்தப் பேப்பர்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் படித்தேன். என்னை இழுத்துப் பிடித்தது பிரிட்டிஷ் தொழிற்கட்சிக்குள் நடந்த சண்டை. படிக்கப் படிக்க நம் ஊர் ஞாபகமாகவே இருந்தது. இடது பக்கம் ஒரு கூட்டம், வலது பக்கம் ஒரு கூட்டம். சில பெரிய ஆட்கள் கோபித்துக்கொண்டு வெளியேறிப் புதுக்கட்சியே ஆரம்பித்துவிட்டார்கள். துணைத் தலைவர் பதவிக்குப் போட்டி வந்து, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்தார். எல்லோருமே ஒருவரையொருவர் தோழர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ஆனால் சண்டையைவிட அதை எழுதிய பத்திரிகைக்காரர்களின் கைவேலைதான் எனக்கு அதிகம் பிடித்தது. அந்தக் கட்சித் தலைவர் வயதானவர், நிறையப் படித்தவர். போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாளில் அவர் போட்டுக்கொண்டு வந்த கோட்டு சரியில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர் கொள்கை என்ன, அன்றைக்கு எதை நினைத்துத் தலைகுனிந்து நின்றார், அதெல்லாம் கிடையாது. கோட்டு, அவ்வளவுதான். அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஏசியிருந்தால்கூட அவ்வளவு வேலை செய்திருக்காது. அந்தத் தாளை நான் மூன்று தடவை தேய்த்து வைத்தேன்.

அதுவரைக்கும் என் செய்திகள் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் வரும். 'கிணற்றில் விழுந்த எருமை உயிருடன் மீட்பு' என்பதுதான் நான் எழுதியதிலேயே பெரிதாக வந்தது. அத்தான் ஒருமுறை தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மாப்பிள்ளையின் பேப்பரில் எருமைக்கு இருக்கிற இடம் தொழிலாளிக்கு இல்லை என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். ஆனி நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறேகால் மணி.

ஆனிக் கடைசியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் தறிச் சத்தம் நின்றால்தான், நாம் எப்போதும் கத்திப் பேசுகிறவர்கள் என்பது நமக்கே தெரியவரும். சங்கத்துக்குள் இரண்டு பேச்சு இருந்தது. கேட்டது முழுதும் கிடைக்கும்வரை தறி ஓடக் கூடாது என்றார் அத்தான். பாதியை இப்போது வாங்கிக்கொண்டு மீதியைத் தீபாவளிக்குக் கேட்கலாம் என்றார் செயலாளர் துரைப்பாண்டி. இருவரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள், ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைப்பார்கள். திங்கட்கிழமை அத்தான் பக்கம் பேசினவன் செவ்வாய்க்கிழமை துரைப்பாண்டி பக்கம் பேசுவான். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை.

நான் அதற்குப் பெயர் வைத்தேன். லண்டன் பேப்பர்களில் படித்ததுதான். அத்தான் பக்கத்துக்குத் தீவிரக் கோஷ்டி, துரைப்பாண்டி பக்கத்துக்கு மிதவாதக் கோஷ்டி. முதல் நாள் அதைப் படித்துவிட்டு எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம், "ஏலே, நீ எந்தக் கோஷ்டி?" என்று கேட்டான். ஐந்தாம் நாள் டீக்கடைக்காரர் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார். அவருக்கு வியாபாரம் தெரியும்.

சட்டைக்கு வருகிறேன். ஆடி பிறந்து இரண்டாவது வாரம். திருநெல்வேலியில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் பேச்சுவார்த்தை. அத்தானிடம் வெளியே போட்டுப் போக ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான். அக்கா முந்தின நாள் துவைத்துப் போட்டிருந்தாள். சாரல் விடாததால் காயவில்லை. மற்றொன்றில் காலர் கிழிந்திருந்தது. காலையில் நான் போனபோது அத்தான் ஈரச் சட்டையை உதறிக்கொண்டு நின்றார். மைதீன் கொடுத்த சட்டையை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். மினுமினுப்பான துணி, யானைத் தந்த நிறம், பொத்தானெல்லாம் முத்துமாதிரி இருக்கும். அத்தான் அதை வாங்கி, தறிக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்பிளே, இது நம்ம தறியில ஓடுத துணி இல்லியே. பயலுவ என்ன நெனைப்பானுவ?"

"ஈரத்தோட போயி அதிகாரி முன்னால நின்னாத்தான் அத்தான் எளப்பமா நெனைப்பாங்க" என்றேன்.

அக்காவும் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள். தம்பிக்குத்தான் எவ்வளவு பிரியம் என்று அவள் முகமெல்லாம் சிரிப்பு. மேல் பொத்தான் ஓட்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அந்தப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

திட்டம் போட்டுச் செய்தீர்களா என்று நேற்றுக் கேட்டீர்கள். திட்டம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. சாயங்கால பஸ்ஸில் அவர்கள் இறங்கும்போது படம் எடுக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பஸ் வந்தது. அத்தான் இறங்கினார். இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் முழுக் கூலியையும் கொடுத்துவிடுவார்கள், முதலாளிகள் இறங்கி வந்துவிட்டார்கள் என்று படியில் நின்றபடியே சொன்னார். கூட்டம் கைதட்டியது. ஆனால் அந்தக் கூட்டம் முழுக்கத் தறிக்காரர்கள். ஒரு மனிதனைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் துணியைப் பார்க்கிறவர்கள். கைதட்டிக்கொண்டே ஒவ்வொருவர் பார்வையும் கீழே இறங்கியதை நான் கவனித்தேன். துரைப்பாண்டி கிட்டே வந்து காலரைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு இழ பருத்தி நூல்கூட இல்லியே தலைவரே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் அது முதல் பக்கத்தில் வந்தது. மூன்று பத்தி அகலத்துக்குப் படம். மேலே நான் கொடுத்த தலைப்பு அப்படியே: யார் தந்த சட்டை? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பஸ் நிலையத்தில் நாலு பேர் படிப்பதைப் பார்ப்பதற்காகவே நாலு தடவை நடந்தேன்.

அந்தச் செய்தியில் பொய் ஒன்றும் கிடையாது. தொழிலாளர் வீடுகளில் ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறது என்று எழுதியிருந்தேன். அது உண்மை. தலைவர் வெளிநாட்டுச் சட்டை போட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போனார் என்று எழுதியிருந்தேன். அதுவும் உண்மை. சட்டையைத் தந்தது யார் என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது யாரும் கேட்கவில்லைதான். ஆனால் பேப்பர் வந்த பிறகு எல்லோரும் கேட்டார்கள், ஆகவே அதுவும் உண்மையாகிவிட்டது. ஒரு வாரத்தில் முழுக் கூலியும் கிடைக்கும் என்று அத்தான் சொன்னதையும் கடைசிப் பத்தியில் சேர்த்திருந்தேன். இடமில்லையென்று அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

மத்தியானத்துக்குள் சட்டையைத் தந்தது எந்த முதலாளி என்பதுவரை ஊரில் தெரிந்துபோயிற்று. ஒருவர் பெயர் இல்லை, மூன்று பேர் பெயர் அடிபட்டது. சாயங்காலம் சங்கத்தில் கூட்டம். நான் குறிப்பு நோட்டோடு சுவரோரம் நின்றேன். துரைப்பாண்டி எழுந்து, யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், இத்தோடு விட்டுவிடலாம் என்று தன்மையாகத்தான் கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இப்போது எழுதுவதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. காய்ச்சல்காரனைப் பார்க்கிறமாதிரி பார்த்தார்.

"சட்டய யாரு குடுத்தான்னு பேசுத கூட்டம் இது இல்ல. கூலியப் பேசுவோம்" என்றார்.

'பதில் சொல்லத் தலைவர் மறுப்பு' என்று எழுதினேன். இதையும் முதல் பக்கத்தில்தான் போட்டார்கள். அன்றைக்கு அவர் கையை நீட்டி, இந்தா நிற்கிறான், இவன்தான் கொடுத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானும் மறுத்திருக்க மாட்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மூன்றாம் நாள் துரைப்பாண்டி பக்கத்து ஆட்கள் தனிச் சங்கம் என்று போர்டு மாட்டினார்கள். முதலாளிகள் அதைப் பார்த்துவிட்டு, சொன்ன பேச்சிலிருந்து பின்வாங்கினார்கள். ஆடித் தபசுக்கு முன்னால் தறிகள் பழைய கூலிக்கே ஓடத் தொடங்கின. துரைப்பாண்டி கேட்ட பாதிகூடக் கிடைக்கவில்லை. நடுநிலையாக இருக்க வேண்டுமே என்று அவரைப் பற்றியும் எழுதினேன். முதலாளி வீட்டில் அவர் காப்பி குடித்த டம்ளர் வெள்ளியா எவர்சில்வரா என்று கேட்டிருந்தேன். அவரையும் அவர் சங்கமே இறக்கிவிட்டது. அத்தானைக் கட்சி நீக்கியது. உள்ளூரில் ஒரு ஷெட்டிலும் அவருக்குத் தறி கொடுக்கவில்லை. ஐப்பசியில் பம்பாய்ப் பக்கம் பீவண்டிக்குத் தறி ஓட்டப் போய்விட்டார். கிளம்பும்போது அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. தீபாவளியன்று ஒரே ஒரு தடவை வாசலில் நிற்கவைத்துப் பேசினாள். "ஒம் பேரச் சொன்னா நீ ஊருக்குள்ள தலகாட்ட முடியாதுன்னுதாம்ல அவுக வாயத் தொறக்கல. நீ அதையும் எழுதி வித்துட்ட" என்றாள். வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன். இதை நான் கூச்சப்படாமல் எழுதுகிறேன். அந்த வீட்டில்தான் எனக்கு எட்டாம் வகுப்புவரை சோறு போட்டார்கள்.

ஆகவே, தோழர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். சட்டை என்னுடையது. அதை அவருக்குப் போட்டுவிட்டதும் நான். யார் தந்தது என்று பதில் தெரிந்துகொண்டே ஊரைக் கேட்கவைத்ததும் நான். தங்கசாமி எந்த முதலாளியிடமும் ஒரு நூல் வாங்கியதில்லை. இதைச் சொல்லத்தானே அவருக்கு ஆள் இல்லாமல் இருந்தது. இதோ, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அவரைத் தாராளமாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் மனசு லேசாக இருக்கிறது.

இன்னொன்று, மறைத்தேன் என்று நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக. நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கும் செய்தியை இன்று மத்தியான பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டேன். மூன்று பேரும் பால்கனியில் நின்று பல் துலக்குகிற படமும் போயிருக்கிறது, நன்றாக விழுந்திருக்கிறது. பெரிய தறி முதலாளியின் மச்சான் நடத்துகிற லாட்ஜில், விசாரணைக் குழுவுக்கு அறை எடுத்துக் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். காலையில் அது வந்த பிறகு, அத்தானைப் பற்றி நீங்கள் சொல்லும் முடிவை ஊர் எந்த அளவுக்கு நம்பும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு அறை எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும்தான். ஆனால் ஒரு நிருபர் அதையெல்லாம் செய்தியில் எழுதினால் நடுநிலை கெட்டுவிடும்.