அத்திமரத்தடிக்கு ஒரு மணி நேரம்

மாரி: விசில் ஊதி வரிசையில நிக்கச் சொன்னா நான் அந்த பஸ்ல ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

சுடலை: ஏட்டி, உன் கம்பெனி குலுக்கல்ல விழுந்த கப்பல் டூரு இது. கப்பல்காரன் பஸ்ஸுக்கு எவன் விசில் ஊதப் போறான்?

மாரி: ஊதுதாவ அத்தான். வீடியோவுல பாத்தேன். கொடி பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா முன்னால போறாவ, பின்னாலயே அம்பது பேரு ஓடுதாவ. இலங்கையில இறங்கி அவ்வளவு தூரம் போயும், பேராதனைப் பூங்காவுக்குள்ள மொத்தமே நாப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்கு முன்ன ஒரு கல்லு நகைக்கடை, பின்ன ஒரு தேயிலைக்கடை.

சுடலை: நாப்பத்தஞ்சு நிமிஷம் பத்தாதா?

மாரி: எங்க கம்பெனியில சாப்பாட்டு நேரமும் அதேதான். நாலு வருஷமா அதுக்குள்ளயே கை கழுவி, தின்னு, பாத்ரூம் போயி, மறுபடி தொப்பியை மாட்டிக்கிட்டு லைன்ல நிக்கேன். கடல் தாண்டிப் போயுமா?

சுடலை: சரி, சரி. கப்பல்காரன் பஸ் வேண்டாம், நாம தனியாவே போவோம். அந்த நோட்டை இங்கன குடு.

மாரி: பேனா இந்தா இருக்கு.

சுடலை: எழுதிக்க வேண்டியதுதான். காலையில ஏழு மணிக்குக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துல நிக்கும். இறங்கி, முத்திரை குத்தி, கேட்டைத் தாண்ட ஒரு மணி நேரம். ஆட்டோவுல கோட்டை ஸ்டேஷன், எட்டே கால். எட்டரைக்கு ரயிலு.

மாரி: மலை ரயிலு! ஜன்னல் சீட்டு எனக்கு.

சுடலை: பதினோரு மணிக்குப் பேராதனை. பதினொண்ணே காலுக்குப் பூங்கா வாசல். ஆர்க்கிட் வீடு பதினஞ்சு நிமிஷம். பனை மர வரிசை பத்து. நாகலிங்க மரம் எட்டு...

மாரி: அது என்ன எட்டு?

சுடலை: போட்டோ மூணு, பாக்கது அஞ்சு.

மாரி: அத்தான்... இது பூங்காவா, உங்க லைனா? ஸ்டாப்வாட்ச்சும் கையில கொண்டு வாரியளோ?

சுடலை: சிரிக்காத. ஒண்ணரைக்கு வெளிய வந்து வேனைப் பிடிச்சா, எப்படியும் அஞ்சு மணிக்குத் துறைமுகம். ஆறுக்கு ஏணியைத் தூக்கிருவான். நடுவுல ஒரு மணி நேரம் பஃபர். வேன் பஞ்சர் ஆனாலும் தாங்கும்.

மாரி: எல்லாம் இருக்கு. என் அத்திமரம் எங்க?

சுடலை: எந்த அத்திமரம்?

மாரி: கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? தினமும் காட்டுதேன்லா. ஒத்தை மரம், ஒரு மைதானம் முழுக்கக் கெளை விரிச்சு நிக்கும். அது அடியில நான் ஒரு மணி நேரம் உக்காரணும்.

சுடலை: உக்காந்து?

மாரி: சும்மா.

சுடலை: சும்மாவா?

மாரி: சும்மாதான். எத்தனை பீஸ் ஆச்சுன்னு எவளும் வந்து கேக்காம.

சுடலை: அப்ப அந்த ஒரு மணி நேரத்தைப் பஃபர்லருந்துதான் எடுக்கணும். பஃபரைத் தொடவே கூடாது மாரி. கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிட்டா?

மாரி: போட்டுமே. கையில பாஸ்போர்ட் இருக்கும்லா? பிளேன் ஏறி வந்து சேருவோம்.

சுடலை: இந்தப் பேனா சரியா எழுதலையே.

மாரி: என்ன, பாஸ்போர்ட்டுன்னதும் பேச்சை மாத்துதிய?

சுடலை: அது மொதல்ல வரட்டும்.

மாரி: வரும், வரும். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டு பேரு நம்பரையும் எச்ஆர் மேடம் கையில குடுக்கணும். இல்லைன்னா குலுக்கல்ல அடுத்த பேரு காந்திமதிக்கு. அவ இப்பவே கூலிங் கிளாஸ் வாங்கிட்டா அத்தான். நேத்து கேன்டீன்ல என் கண்ணு முன்னாலயே போட்டுப் பாக்கா.

சுடலை: போனாப் போவுது.

மாரி: என்னது?

சுடலை: இல்ல... பூங்காதான வேணும்? ஊட்டியில இல்லாத பூங்காவா? விசா கிடையாது, கப்பல் கிடையாது. நாம பாட்டுக்கு...

மாரி: மூவாயிரம் பேரு பெட்டியிலருந்து எம்பேரு விழுந்துருக்கு. பொறந்ததுலருந்து ஒரு சோப்பு டப்பா கூட எனக்குப் பரிசு விழுந்தது கிடையாது. போனாப் போவுதுங்கிய!

சுடலை: கத்தாத. கீழ வூட்டுக்கார அம்மா காதைத் தீட்டிக்கிட்டு இருக்கும்.

மாரி: செல்லம்மாக்கா கேட்டாக் கேக்கட்டும். என்ன, கடல்னா பயமா? வாந்தி வருமா?

சுடலை: ஆமா, பயந்தான்.

மாரி: மணப்பாட்டுல கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு என்னையும் வா வான்னு கூப்பிட்ட ஆளு.

சுடலை: அது கரை.

மாரி: அத்தான். எம்முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. மூணு வாரமா நீங்க சரியா ஒறங்கல. போஸ்ட்மேன் வண்டிச் சத்தம் கேட்டா சோத்துத் தட்டைப் போட்டுட்டு ஓடுதிய. என்ன மறைக்கிய?

சுடலை: ஒண்ணுமில்ல.

மாரி: ஒண்ணுமில்லைன்னா எந்தலையில அடிச்சு...

சுடலை: வேண்டாம்! உந்தலையில அடிச்சு ஏற்கனவே ஒரு சத்தியம் பண்ணிருக்கேன்... அதுதான் இப்ப கழுத்தைப் பிடிக்கு.

மாரி: தெளிவாச் சொல்லுங்க.

சுடலை: வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல மாரி. எம் பாஸ்போர்ட் வராது.

மாரி: ஏன் வராது?

சுடலை: மொதல்ல அந்தக் கரண்டியைக் கீழ வையி.

மாரி: வச்சாச்சு. சொல்லுங்க.

சுடலை: தீவாளிக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை, அருள்பாண்டி தங்கச்சி கல்யாணம்னு போனேன்லா? நீ கூட ஓவர்டைம் பாக்கப் போயிருந்த...

மாரி: ஆமா. ஒரகடம் பக்கத்துல மண்டபம்னிய.

சுடலை: மண்டபம் நெசம். கல்யாணந்தான் பொய்.

மாரி: ம்ம். மேல சொல்லுங்க.

சுடலை: வடகால்ல ஒரு கம்பெனியில எம்பது பேரை ஒரே மெசேஜ்ல வேலையை விட்டு அனுப்புனான்லா? அதுல அருள்பாண்டியும் ஒருத்தன். மூணு வருஷம் என்கூட ஒரே ரூம்ல கெடந்தவன். ரோட்டுல உக்காரப் போறோம், வாரியான்னு கேட்டான். மாட்டேன்னு சொல்ல வாய் வரல. பத்து நிமிஷங்கூட உக்காரல, போலீஸ் வந்து எல்லாரையும் வண்டியில ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல கொண்டு அடைச்சுட்டாவ. சாயந்தரம் வரைக்கும் அங்கதான்.

மாரி: இனி போராட்டம்னு எங்கயும் போக மாட்டேன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணிய.

சுடலை: பண்ணுனேன்.

மாரி: மறைமலை நகர்ல கேட்டு முன்னால நின்னு கோஷம் போட்டு, இருந்த வேலையும் போயி, ஏழு மாசம் வீட்டுல கெடந்திய. அன்னைக்குப் பண்ணுன சத்தியம்.

சுடலை: திட்டு. நல்லா திட்டிரு. ஆனா அவன் கூப்பிட்டு நான் போகாம இருந்திருந்தா...

மாரி: அதுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன?

சுடலை: மண்டபத்துல ஒரு ஏட்டு வரிசையா எல்லார் பேரும் அட்ரஸும் நோட்டுல எழுதுனாரு. அந்த நோட்டுல பேரு இருந்தா பாஸ்போர்ட் வராதுன்னு சுங்குவார்சத்திரம் டீக்கடை முழுக்கப் பேச்சு. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க நாம ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம்லா, 'உம்மேல எதுனா கேஸ் கீதா'ன்னு கேட்டப்ப, இல்லைன்னு சொன்னேன். சொல்லும்போதே சட்டை நனைஞ்சுபோச்சு.

மாரி: பாத்தேன்.

சுடலை: ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டோம். எம்பேரால உன்னதும் நின்னுபோச்சு. உன் அத்திமரத்தை நாந்தான் வெட்டிட்டேன் மாரி.

மாரி: கண்ணைத் தொடைங்க மொதல்ல.

சுடலை: அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வாரேன், நீ எட்டு தோசை சுட்டு அடுக்கி வச்சிருக்க. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவனுக்குத் தோசை எதுக்குன்னு கூட கேக்கத் தெம்பு இல்ல. எட்டையும் தின்னேன். தின்னுக்கிட்டே பொய் சொன்னேன்.

மாரி: பாயசம் கூட நல்லா இருந்துச்சுன்னிய.

சுடலை: சொன்னேன். சவம், அது வேற...

வெங்கடேசன்: யம்மா! கதவு தொறந்து கீதே, வூட்ல ஆள் கீறீங்களா? போஸ்ட்டு!

மாரி: அத்தான்! வெங்கடேசன் அண்ணன் குரலு!

வெங்கடேசன்: சுடலைக்கண்ணு... ஆதாரை எடுத்துனு வாப்பா. ஏய், மெதுவா! படியில உருண்டுடப் போற. இந்தா, இங்க ஒரு கையெழுத்து.

சுடலை: அண்ணே, இது... திருப்பி அனுப்பிட்டாங்கன்னு லெட்டரா?

வெங்கடேசன்: லெட்டர் இவ்ளோ தடியாவா வரும்? பாஸ்போர்ட்டுபா! சந்தனமாரி... நீயும் வாம்மா, உன்னுதும் வந்துகீது. இங்க ஒண்ணு போடு.

மாரி: ரெண்டுமா அண்ணே? ரெண்டும் வந்துட்டா?

வெங்கடேசன்: ரெண்டுந்தான். இனிமேட்டு என்னை வுட்டுடுங்க சாமி. இவரு இன்னாடான்னா தெனம் போன் போட்டுனு கீறாரு. நீ இன்னாடான்னா ஷிப்ட் முடிஞ்சதும் போஸ்டாபீசாண்ட வந்து நின்னுனு கீற. சொந்தக்காரன் கூட என்னை இப்டித் தேடுனது இல்ல.

சுடலை: அண்ணே, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. யட்டி, டீயைப் போடு! வேண்டாம், நானே போடுதேன்...

வெங்கடேசன்: டீ இன்னொரு நாளைக்கு. இன்னும் எட்டு வூடு கீது. நல்லபடியாப் போய்ட்டு வாங்க.

மாரி: வயித்துல பால வாத்துட்டுப் போறிய அண்ணே. நல்லா இருங்க!

சுடலை: மாரி... பிரிக்கட்டா?

மாரி: கிழிச்சுராதிய. கத்தரிக்கோல் இந்தா.

சுடலை: இந்தா பாரு... எம்பேரு. சுடலைக்கண்ணு. எழுத்துகூடச் சரியா இருக்கு. எங்கய்யா பேரும் சரியா இருக்கு. மூணு வாரமா நெஞ்சுல ஏறி உக்காந்திருந்தது இப்பதான் எறங்குது. பாரேன், மூச்சு முழுசா வருது!

மாரி: போட்டோவுல முழியப் பாருங்க. களவாணிகூட இப்படி முழிக்க மாட்டான்.

சுடலை: உன்னது மட்டும் என்ன? அழுவதுக்கு மூணு செகண்டு முன்னால எடுத்தது மாதிரி இருக்கு.

மாரி: மேடத்துக்கு இப்பவே நம்பரை அனுப்பணும். போனை எடுங்க. காந்திமதி கூலிங் கிளாஸை லைன்ல போட்டுக்கிட்டு நிக்கட்டும்.

சுடலை: அனுப்பு, அனுப்பு. அப்படியே அந்த நோட்டையும் எடு. எழுதுதேன் பாரு... அத்திமரம், ஒரு மணி நேரம். சும்மா.

மாரி: பஃபர்?

சுடலை: பஃபர் கெடக்கட்டும். நாகலிங்க மரத்துல எட்டு நிமிஷத்தையும் தூக்கிட்டேன். ஆர்க்கிட்டை நடந்துக்கிட்டே பாத்துக்கிடுவோம். நீ உக்காரு. எவன் வந்து எண்ணுதான்னு நானும் பாக்கேன்.

மாரி: நீங்களும் பக்கத்துல உக்காரணும். வாட்சைக் கழத்தி வச்சுட்டு.

சுடலை: உக்காருதேன்... அப்ப சத்தியத்தை மீறுனதுக்குக் கோவம் இல்லியா?

மாரி: இருக்கு. கப்பல்ல வச்சுக்கிடுதேன்.

சுடலை: இரு, இரு. ஒண்ணு இடிக்கே... நான் பயந்ததுல ஒரு ஞாயம் உண்டு. நீ என்னத்துக்கு தெனமும் போஸ்டாபீஸ்ல போயி நின்ன? உம்பேருதான் எந்த நோட்டுலயும் இல்லியே?

மாரி: அன்னைக்கு மண்டபத்துல உங்களுக்கு மத்தியானம் என்ன குடுத்தாவ?

சுடலை: தக்காளி சாதம். ஆறிப்போயி. இப்ப அது எதுக்கு?

மாரி: அந்த எம்பது பேர்ல என் கூட்டாளி பாஞ்சாலியும் ஒருத்தி அத்தான்... ஓவர்டைம்னு சொல்லிட்டு நானும் அவகூடப் போயி உக்காந்தேன், எம்பேரும் அந்த நோட்டுல இருக்கு. அதே மண்டபத்து மாடியில எங்களுக்கு லெமன் சாதம். பொம்பளையாளுவளை முன்னாலயே விட்டுட்டாவ, அதான் வந்து தோசை சுட முடிஞ்சுது. நீங்க ரெண்டாவது பொட்டலத்துக்குக் கை நீட்டிக்கிட்டு நின்னிய பாருங்க, மணமகள் அறை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் நின்னேன்.