சுண்டெலியின் நகம்

— உங்க பூனை கடிக்காதுன்னு சொல்றீங்க, சரிக்கா. பிறாண்டுமா?

— பிறாண்ட மாட்டா. மடியில வெச்சுப் பாரு, பஞ்சு மூட்டை மாதிரி உக்காந்துக்குவா.

— இல்லக்கா, எதுக்குக் கேக்குறேன்னா, கீழ என் வீடு முழுக்கத் திரைச்சீலைத் துணி. ஓட்டல் ஆர்டர். ஒரு நகம் மாட்டி இழை இழுத்துச்சுன்னா முழுத் துணியும் போச்சு. நானே மாடி ஏறி வந்து சாப்பாடு வெச்சுட்டுப் போறேனே, ஆகாதா?

— தனியா விட்டா ராத்திரியெல்லாம் கத்துவாம்மா. ஒருதரம் அப்படி விட்டுட்டுப் போனதுக்குத் தெருவே என்கிட்ட சண்டைக்கு வந்துச்சு. பெட்டி கட்டியாச்சு, வண்டிக்குச் சொல்லியாச்சு, இப்பப் போய் நீ இழுத்தா நான் என்ன பண்ணுவேன்?

— ஐயோ, மாட்டேன்னு சொல்லலக்கா. பூனை வளத்துப் பழக்கமில்ல, அதான் சந்தேகம் சந்தேகமா வருது. எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, உன் வாய்க்கு முன்னாடி தையல் மிஷினே தோத்துப் போகும்னு.

— கேளு கேளு. வண்டி வர்ற வரைக்கும் கேளு.

— இது பேரு என்ன?

— சுண்டெலி.

— பூனைக்கா?!

— என் தம்பி வெச்ச பேரு. அவனுக்கு எல்லாமே விளையாட்டு. மழையில நனைஞ்சு வாசல்ல நின்னப்ப எலி மாதிரிதான் இருந்தா. இப்பப் பாரு, தூக்கினா தோள் வலிக்குது.

— ஆமாக்கா, நல்ல கனம். நிறைய சாப்பிடுமோ?

— எங்க சாப்பிடுறா! அரைக் கிண்ணம் வெச்சா அதுலயும் மிச்சம். முன்னெல்லாம் கிண்ணம் தேயிற வரைக்கும் நக்குவா. வயசாகுதுல்ல, குறைஞ்சு போச்சு. நீயும் கொஞ்சமா வெச்சாப் போதும்.

— சாப்பிடாமலே இந்த உடம்பா? நானும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

— விடு, சில உடம்பு அப்படி. அப்புறம், பகல்ல இவளை அடைச்சு வெக்காத. ஒரு சுத்து வெளிய போயிட்டு, நான் வேலை விட்டு வர்றதுக்குள்ள வந்துடுவா.

— தெரியுமே. என் மிஷின் ஜன்னலோரம்தானே இருக்கு. தினம் பாக்குறேன். பின் சுவத்துல ஏறும், ஒருதரம் திரும்பிப் பாக்கும், அந்தப் பக்கம் குதிச்சுடும். என்னமோ ஆபீசுக்குப் போற மாதிரி. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு.

— ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருப்பேன்ல? அன்னிக்கு முழுக்க என் மடிதான் அவளுக்கு. என்னை விட்டு நகர மாட்டா.

— அவ்வளவு பாசமா! அந்தப் பக்கம் அப்படி என்னக்கா இருக்கு, தினம் போக?

— ஏதோ சந்து. நான் போனதில்ல. பஸ் ஏறுறதும் எறங்குறதும் முன் தெருவுல. மூக்குக்கண்ணாடிக் கடையில நாள் முழுக்க நின்னுட்டு வந்தா கால் ரெண்டும் கெஞ்சுது. இதுல சந்து சந்தா சுத்த எனக்கேது நேரம்?

— அதுவும் சரிதான். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். போறதுக்கு முன்னாடி நகத்தை மட்டும் வெட்டி விட்டுடுங்களேன். என் துணிக்கும் நல்லது.

— நகவெட்டி இல்லம்மா.

— கடையில இருக்குமே.

— இருக்கும். யாரு வெட்டுறது? காலைத் தொட்டாலே என்னைத் தள்ளி விட்டுட்டுப் போயிடுவா. மாட்டு டாக்டர்கிட்டக் கொண்டு போனேன். பாவம், அவர் கையெல்லாம் கோடு போட்டு அனுப்பிட்டா. அப்புறம் நானும் விட்டுட்டேன். கதவுல பிறாண்டித் தானாத் தேச்சுக்குவா போல. தம்பி ஒருத்தன்கிட்டதான் கையை நீட்டுவா. அவன் ‘மேடம், அடுத்த விரல்’னு பேசிக்கிட்டே டக்கு டக்குனு வெட்டிடுவான்.

— உங்க தம்பி எங்கக்கா இருக்காரு? நான் குடிவந்து இத்தனை நாளாச்சு, கண்ணுலயே பட்டதில்ல.

— நீ வர்றதுக்கு முன்னாடியே வீட்டை விட்டுப் போயிட்டான்.

— அச்சச்சோ. கேட்டிருக்கக் கூடாதோ?

— கேட்டாச்சு, இனிமே என்ன. எனக்கு ஒரு இடத்துல கல்யாணம் பேசினாங்க. எல்லாம் முடிவாகுற நேரத்துல அந்தப் பையனோட அம்மா, ‘பூனையை மட்டும் எங்கயாவது விட்டுடுங்க’ன்னாங்க. நான் சரின்னு தலையாட்டிட்டேன். இவன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலாம்ல? ‘பூனை இங்கயே இருக்கட்டும், உங்க பையனை வேணா எங்கயாவது விட்டுடுங்க’ன்னுட்டான்.

— அடக் கடவுளே! கோவிச்சுக்காதீங்கக்கா, சிரிப்பு வந்துடுச்சு.

— இப்ப எனக்கும்தான் வருது. அன்னிக்கு வரல. அவங்க எழுந்து போயிட்டாங்க. ‘இனிமே என் கண்ணுல முழிக்காத’ன்னு கத்தினேன். விடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம். ரெண்டு சட்டையும் அந்த நகவெட்டியும்தான் எடுத்துட்டுப் போயிருந்தான். பூனையை விட்டுட்டு அதோட நகவெட்டியைக் கொண்டு போறவனை நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? எனக்கு உதவக் கூடாதுன்னே எடுத்திருக்கான், திமிர் பிடிச்சவன்.

— அப்ப இந்தப் பயணம்...

— அவனைத் தேடித்தான். கடையில கூட வேலை பாக்குறவ, அவனை மாதிரியே ஒருத்தனை இப்ப நான் போற ஊர் ரயில் நிலையத்துல பாத்தேன்னு சொன்னா. இப்படித்தான் முன்னாடியும் யார் யாரோ சொன்னாங்க. ஒவ்வொரு ஊராப் போய், வேற எவன் முகத்தையோ பாத்துட்டுத் திரும்புறேன். இந்தத் தடவையும் இல்லன்னா, இனிமே தேடுற தெம்பு எனக்கில்லம்மா. எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்.

— அழாதீங்கக்கா. கண்டிப்பாக் கிடைப்பாரு. குடுங்க இவளை, என் வீட்டுலயே வெச்சுக்கிறேன். துணி போனா போகட்டும். வாடி சுண்டெலி. அம்மாடி! ... அக்கா, இவ மேல ஒரு வாசனை அடிக்குதே?

— சுத்தமாத்தானே இருக்கா?

— நாத்தம் இல்லக்கா. வார்னிஷ் வாசனை.

— அதுவா? உன் வீட்டுக்குப் புது பீரோ வந்துச்சுல்ல, அதுல போய் உரசியிருப்பா.

— எங்க பீரோ இரும்புக்கா.

— அப்ப வேற எங்கயாவது இருக்கும். விடு. அந்த வாசனைக்காகவே இவளைக் குளிப்பாட்ட எனக்கு மனசு வர்றதில்ல.

— ஏன்?

— அவன் மர பாலிஷ் வேலை கத்துக்கிட்டிருந்தான். சாயங்காலம் அவன் உள்ள நுழைஞ்சா வீடே இந்த வாசனை அடிக்கும்.

— ஓ... எங்க, உன் நகத்தைக் காட்டு சுண்டெலி. பயப்படாத, நான் வெட்ட மாட்டேன், பாக்க மட்டும்தான்... அக்கா.

— என்ன, பிறாண்டிட்டாளா?

— நகமே இல்லையே.

— இல்லாம எப்படி? உள்ள இழுத்து வெச்சிருப்பா. லேசா அமுக்கு, வரும்.

— அமுக்கித்தான் பாக்குறேன். கூர் இல்ல. தேஞ்சதும் இல்ல, வெட்டினது. அப்படியே நேரா வெட்டியிருக்கு. இந்த விரலும்... இந்த விரலும்.

— கொண்டா இங்க. என் கண்ணாடி எங்க? வெளிச்சத்துக்கு வா... அசையாதடி... ஐயோ.

— அந்தக் காலும் பாருங்க.

— வெட்டியிருக்கு. எல்லாமே வெட்டியிருக்கு.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? சுவத்துக்கு அந்தப் பக்கம் வெறும் சந்து மட்டும் இல்ல. சந்து முடிஞ்சதும் வரிசையா மேசை நாற்காலி செய்யிற பட்டறைங்க. திரைச்சீலைக்கு மரக் கழி வாங்க நான் அங்கதான் போவேன். ஞாயித்துக்கிழமை எல்லாம் பூட்டியிருக்கும்.

— ஞாயித்துக்கிழமை... என் மேல இருக்கிற பாசம்னுல்ல நெனச்சேன்.

— அங்கயே வயிறாரச் சாப்பிட்டுட்டு வந்தா, உங்க கிண்ணத்துல மிச்சம் விழத்தானே செய்யும்?

— ஆனா அவன் ஏன் வரல? இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டு, ஒருநாள் வந்து கதவைத் தட்டினா நான் என்ன தின்னுடுவேனா?

— நீங்கதானேக்கா கண்ணுல முழிக்காதன்னு சொன்னீங்க.

— சொன்னேன். பாவி, அதை அப்படியே கேட்டிருக்கான். எதுவும் சொன்ன பேச்சு கேக்காதவன், இதை மட்டும் கேட்டிருக்கான்!

— தூரமாப் போறவங்க நகவெட்டியை எடுத்துட்டா போவாங்க? ... அக்கா, வாசல்ல ஹார்ன் அடிக்குது. உங்க வண்டி வந்துடுச்சு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு கத்துறாரு, என்ன சொல்ல?

— திருப்பி அனுப்பிடு. பெட்டி இங்கயே கிடக்கட்டும். என் செருப்பு எங்க? பின்கதவைத் திறந்துவிடு. சுண்டெலி, நீ முன்னாடி போடி.