கதவுக்கு ஒரு வார்த்தை

— நம்ம ரூம் கதவு போர்டுல 'டிரெஸ்பாஸ்' வேண்டாங்க. என்னமோ அத்தை காம்பவுண்டு ஏறிக் குதிச்சு வந்த மாதிரி இருக்கு.

— அதாவது பாரு, வாரத்துக்கு நாலு போர்டு இதே வார்த்தையில எழுதறேன். குடோன்காரர், ஸ்கூல்காரர், நாய் வளர்க்கிறவர், எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போறாங்க. நல்லா ஓடற வார்த்தை.

— அது அடுத்தவன் நிலத்துல காலை வைக்கிறவனுக்கு. போலீஸ் வரும்னு மிரட்டற வார்த்தை. உங்க அம்மா தலகாணி உறையோட பெட்ரூமுக்கு வர்றவங்க. பெத்தவங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பீங்களா?

— சரி, 'இன்ட்ரூட்'னு போடறேன். கொஞ்சம் மரியாதையான வார்த்தை. ரெண்டு பேர் பேசிக்கிட்டிருக்கும்போது மூணாவது ஆள் வேண்டாத நேரத்துல வந்து நிக்கறது.

— அதேதான் நேத்து நடந்தது! ஆபீஸ்ல பதினோரு பேர் இருக்கற வீடியோ மீட்டிங். நான் இங்க மேசையில உக்காந்து பேசிக்கிட்டே இருக்கேன், பின்னாடி அத்தை பீரோவைத் திறந்து ஒவ்வொரு துணியா உதறி மடிக்கறாங்க. 'உங்க பின்னாடி ஏதோ ஜவுளிக்கடை நடக்குதே'ன்னு மேனேஜர் கேக்கறார். பதினோரு பேரும் சிரிச்சாங்க.

— நான் இருந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

— சிரிங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய மேனேஜர் பேசறார். அவர் சரின்னாதான் எனக்கு வேலை நிரந்தரம். நாளைக்கும் கடை திறந்துச்சுன்னா வீட்டுல சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்.

— தாழ்ப்பாள் போட்டுக்கலாமே?

— போட்டேனே போன வாரம். திறக்கற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாங்க. அதுக்குக் கடையே தேவலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க அம்மாதானே?

— அம்மா முன்னாடி நின்னா எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். அதனாலதான் போர்டு. அதுவும் இங்கிலீஷ்ல. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, மனசும் புண்படாது.

— படிக்கத் தெரியாதவங்களுக்குப் போர்டு எதுக்குங்க?

— அதாவது பாரு, எழுத்து புரியாட்டியும் சிவப்பு புரியும்.

— நான் ஒண்ணும் கேக்கல. கத்திரிக்கோல் எடுக்க வந்தேன்.

— எடுத்துக்கங்க அத்தை.

— நீங்க பேசுங்க. நான் வந்ததாவே நினைக்காதீங்க... கிடைச்சிடுச்சு. போறேன்.

— பார்த்தீங்களா? ஒரு தட்டல் உண்டா, ஒரு இருமல் உண்டா?

— 'இன்டர்ஃபியர்'? நம்ம விஷயத்துல தலையிடறது.

— தலையை மட்டும் நீட்டினா நான் ஏன் அழறேன்? அவங்க முழுசா வந்துடறாங்களே.

— நான் ஒண்ணும் கேக்கல. என் கண்ணாடியை இங்க வெச்சேனா? அது என்ன தம்பி, சிவப்பா?

— கடை வேலைம்மா. ஒரு வீட்டுக்காரர் போர்டு கேட்டார்.

— என்னன்னு எழுதணுமாம்? நான் ஒண்ணும் கேக்கல, சும்மா சொல்லு.

— அத்துமீறி உள்ள வராதீங்கன்னு. அதுக்கு இங்கிலீஷ்ல நிறைய வார்த்தை இருக்கும்மா. எது பொருந்தும்னு பார்க்கறோம்.

— அத்துமீறறது ஒண்ணுதானே? அதுக்கு எதுக்கு அத்தனை வார்த்தை?

— ஒவ்வொண்ணும் ஒரு தினுசும்மா. ஒரேயடியா நுழைஞ்சா ஒண்ணு, நேரங்கெட்ட நேரத்துல வந்தா இன்னொண்ணு. 'என்க்ரோச்'னு ஒண்ணு இருக்கு, அது சத்தமே இல்லாம வர்றது. ரோட்டோரத்துல இன்னிக்கு ஒரு ஸ்டூல் போடுவான், நாளைக்கு ஒரு மேசை, அடுத்த வாரம் மேல ஒரு தகரம். ஒரு நாள் பார்த்தா இடமே அவனோடது.

— ஓ. நீ இந்த ரூமுக்கு வந்த மாதிரி.

— அம்மா...

— முதல்ல தலகாணியோட வந்தே. 'ஹால்ல ஃபேன் சரியில்லம்மா, ஒரு ஓரமாப் படுத்துக்கறேன்'னே. அப்புறம் மேசை வந்துச்சு. அப்புறம் பெயிண்ட் டப்பா. அப்புறம் பொண்டாட்டி.

— என்னங்க, இது உங்க ரூம்தானே? சின்ன வயசுலேர்ந்து இங்கதான் படுத்தேன்னு சொன்னீங்க?

— அதாவது பாரு...

— அவன் கல்யாணத்துக்கு முந்தின மாசம் வரைக்கும் ஹால்லதான் உருண்டான். இது என் ரூம், அம்மாடி. பீரோ என்னது, அதுல இருக்கற துணி என்னது. இல்லன்னா ஒரு நாளைக்கு நாப்பது தடவை இங்க வர எனக்கென்ன வேண்டுதலா? 'மூணே மாசம்மா, மாடியில ஒரு ரூம் கட்டிடறேன், அதுவரைக்கும் நீ ஹால்ல படுத்துக்க'ன்னான். ஒன்பது மாசம் ஆச்சு. ஒரு செங்கல் வரல. நான் ஒண்ணும் கேக்கல.

— என்கிட்ட ஏன் அத்தை சொல்லல?

— வாழ வந்த பொண்ணுகிட்ட வந்த அன்னிக்கே 'எழுந்திரு, இது என் கட்டில்'னு சொன்னா நல்லாவா இருக்கும்?

— எனக்கு வெக்கமா இருக்கு அத்தை. உங்க ரூம்ல உக்காந்துக்கிட்டு, நீங்க வந்துட்டீங்க வந்துட்டீங்கன்னு இவர் உயிரை எடுத்துக்கிட்டிருந்தேன்.

— தெரியும். ஹால்ல படுத்தா எல்லாம் கேக்கும்.

— அதாவது பாருங்க, இப்ப ரெண்டு பேரும்...

— நீங்க பேசாதீங்க. அத்தை, நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?

— உன் வேலைக்கு நான் குறுக்கே வரலம்மா. பக்கத்து வீட்டுப் படியில போய் உக்காந்துக்கறேன்.

— ஒண்ணும் வேண்டாம். நீங்க இந்தக் கட்டில்லயே காலை நீட்டிப் படுங்க. நடுவுல உள்ள வர்றது நீங்க ஒருத்தர்தான். நீங்களே உள்ள இருந்துட்டா அப்புறம் யார் வரப் போறா? நாளைக்கு என்ன, இன்னியிலேர்ந்தே இங்க படுங்க.

— அப்ப அவன்?

— என்னங்க, உங்க தலகாணியை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போங்க.

— நானா? எத்தனை நாளைக்கு?

— மாடியில ரூம் கட்டி முடிக்கிற வரைக்கும். மூணே மாசம்தானே?